பத்துக்குப் பத்து

1

என்னுடைய கார் நல்ல கார் என்பதற்கு நானே நான்கு முறை சாட்சி சொல்லியிருக்கிறேன். நான்கு முறையும் பத்துக்குப் பத்து மார்க். நான்கு முறையும் பொய்.

சின்னக் கார். கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரை எழுதினால் "அந்தக் கம்பெனி வண்டியா, அதான்" என்று வேறு கம்பெனி வண்டி வைத்திருப்பவர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். அந்த நிம்மதியைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

2022 தொடக்கத்தில் வாங்கினேன். வீடு குழித்துறை, வேலை கழக்கூட்டம் டெக்னோபார்க்கில். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போகவேண்டும். ரயில் உண்டு, ஆனால் ரயிலின் நேரமும் என் மேனேஜரின் நேரமும் ஒத்துப்போவதில்லை. வீட்டில் எழுபதை நெருங்கும் அம்மா. களியக்காவிளை தாண்டினால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நெரிசல். அதில் கிளட்ச் மிதித்து மிதித்து முட்டி போய்விட்டதென்று ஏஎம்டி வண்டி எடுத்தேன். ஏஎம்டி என்றால் முழு ஆட்டோமேட்டிக் இல்லை. உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ், சாதாரண கிளட்ச். நம் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையை ஒரு சின்ன பம்ப்பும் சில ஆக்சுவேட்டர்களும் செய்யும். எப்போது செய்வது என்பதை ஒரு கம்ப்யூட்டர் முடிவு செய்யும். நல்ல ஐடியாதான். இன்றைக்கும் அந்த ஐடியாவைக் குறை சொல்லமாட்டேன்.

2023ல் வாவுபலி நடந்துகொண்டிருந்த சமயம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஆடி அமாவாசைக்கு எங்கள் ஆற்றங்கரையில் பலி போட வரும் கூட்டமும், அதையொட்டி நகராட்சி நடத்தும் பொருட்காட்சிக்கு வரும் கூட்டமும் சேர்ந்தது வாவுபலி. ஆறு தாமிரபரணி, திருநெல்வேலிக்காரர்களின் தாமிரபரணி அல்ல, எங்களுக்கென்று தனியாக ஒன்று உண்டு. அந்த நாட்களில் மார்த்தாண்டத்துக்கும் குழித்துறைக்கும் இடையில் வண்டிகள் நகராது, ஊரும். அம்மாவை மார்த்தாண்டத்தில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். ஒரு ஏற்றம். முன்னால் ஆட்டோ, பின்னால் அரசுப் பேருந்து. ஆட்டோ நகர்ந்தது, நான் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். எஞ்சின் அலறியது. வண்டி பின்னால் போனது.

டேஷ்போர்டில் கியர் எண் இருக்க வேண்டிய இடத்தில் நியூட்ரல் குறி விட்டுவிட்டு மின்னியது. பஸ் டிரைவர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. பிரேக்கை மிதித்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, எஞ்சினை அணைத்து, மறுபடி போட்டபோது வண்டி ஒன்றுமே நடக்காததுபோல ஏறிவிட்டது. மொத்தம் இருபது வினாடி இருக்கும். அம்மா பின்சீட்டில் முன்சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தாள். வீட்டு முற்றத்தில் இறங்கியதும் சொன்னாள்: "மக்களே, இனி எனக்கு ஆட்டோ போரும்."

அதுதான் முதல் தடவை. அடுத்த ஆறு மாதத்தில் வேறு இடங்களில் வேறு ஏற்றங்களில் இன்னும் பலமுறை.

நான்கு முறை சர்வீஸ் சென்டருக்குப் போனேன். காலையில் வண்டியை விட்டால் சாயங்காலம் கழுவித் துடைத்துத் தருவார்கள். சீட்டுக்குக் கீழே பேப்பர், ஸ்டியரிங்கில் பிளாஸ்டிக் உறை, டயரில் பாலிஷ். பில்லில் நான் கேட்காத ஏசி கிருமிநீக்கமும் எஞ்சின் கோட்டிங்கும். ஏற்றத்தில் பின்னால் உருண்ட விஷயம் மட்டும் எங்கும் இல்லை. "செக் பண்ணியாச்சு சார், எல்லாம் ஓகே. நாங்க பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாத்தோம், வரல." மூன்றாவது முறை கொஞ்சம் தைரியமாகச் சொன்னார்கள்: "சார், டிரைவிங் ஸ்டைலை மாத்திப் பாருங்க." பதினான்கு வருடமாக வண்டி ஓட்டுகிறேன்.

ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது சர்வீஸ் அட்வைசர் கூடவே கேட்வரை வருவான். இருபத்தைந்து வயது இருக்கும். எங்கள் பக்கத்தில் ஏராளமாக இருக்கும் இன்ஜினியரிங் காலேஜ்களில் ஒன்றில் மெக்கானிக்கல் படித்தவன். "அண்ணா, ரெண்டு நாள்ல கம்பெனியிலேருந்து கால் வரும். பத்துக்குப் பத்து சொல்லிருங்கண்ணா. ஒம்பது சொன்னாலும் எனக்கு பெயில்தான். இன்சென்டிவ் போயிரும்."

கால் வந்தது. பத்து என்றேன். நான்கு முறையும்.

2

இதைச் சொன்னால் முதலில் வரும் பதில், "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா?" இந்த ஏக்கத்தில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. அம்பாசிடர் வழியில் நின்றது. பிரீமியர் பத்மினி சூடாகி நின்றது. சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985ல் பெரிய ஆரவாரத்தோடு கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000, பிரிட்டிஷ் ரோவரின் அழகான உடம்புக்குள் பழைய எஞ்சினை வைத்துக்கொண்டு சில வருடங்களில் காணாமல் போனது. அன்றைய சொந்தக்காரன் இன்றைய சொந்தக்காரனைவிட அதிகமாக ரோட்டோரத்தில் நின்றிருக்கிறான்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அன்றைக்கு வண்டி நின்றால் பானெட்டைத் திறக்கலாம். திறந்தால் பார்க்கலாம். பார்த்தால் யாராவது ஒருவருக்குப் புரியும். என் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன் முப்பது வருடமாக அந்த வேலை செய்கிறார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வ் என்று சொல்லக்கூடியவர். என் வண்டியை அவரிடம் கொண்டுபோனேன். ஒரு சின்ன ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். கையை விரித்தார். "எனக்க கையில ஸ்பேனர் உண்டு. இதுக்க பூட்டு இருக்குல்லா, அதுக்க சாவி கம்பெனிக்காரனுக்க கையிலயாக்கும்."

அவர் சொன்னது உவமை இல்லை. இன்றைய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி என்ற ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996லிருந்து எல்லாக் கார்களிலும் அது கட்டாயம். நம் ஊரிலும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளோடு சேர்ந்து வந்தது. கோளாறு வந்தால் காரின் கம்ப்யூட்டர் ஒரு கோடு எழுதி வைக்கும். அந்தக் கோடுகளில் ஒரு பகுதி எல்லாக் கம்பெனிக்கும் பொது, எவரும் படிக்கலாம். இன்னொரு பகுதி ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று வைத்துக்கொள்வது. பொதுக் கோடுகள் பெரும்பாலும் புகை சம்பந்தப்பட்டவை. என் கியர் ஏன் நழுவுகிறது என்பது இரண்டாவது வகையில் இருக்கிறது. அதைப் படிக்கும் மென்பொருள் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் மட்டும்.

இது என் கற்பனைப் புலம்பல் அல்ல என்பதற்கு ஒரு தீர்ப்பே உண்டு. இந்தியப் போட்டி ஆணையத்திடம் தனிநபர் ஒருவர் கொடுத்த புகார் 2011ல் வழக்கானது. மூன்று கம்பெனிகள் மீது தொடங்கிய விசாரணை நாட்டின் பெரிய கார் கம்பெனிகள் பலவற்றுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. குற்றம் இதுதான்: அசல் உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்து, கார் வாங்கியவரைத் தங்கள் டீலரிடமே கட்டிப்போட்டார்கள். பாகங்களையும் கருவிகளையும் வெளியே கொடு, வெளியே ரிப்பேர் செய்தான் என்பதற்காக மட்டும் வாரன்டியை ரத்து செய்யாதே என்று ஆணையம் சொன்னது. சில கம்பெனிகளின் அப்பீலில் 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் அபராதக் கணக்கைக் குறைத்தது. குற்றத்தை உறுதி செய்தது. வழக்கு அதற்கு மேலும் போனது.

பத்து வருடம் கழித்து எங்கள் ஒர்க்‌ஷாப் அண்ணன் கையை விரிக்கிறார். 2022 டிசம்பரில் மத்திய அரசு 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்காக ஒரு இணையதளம் திறந்தது. கார்களும் அதன் பட்டியலில் உண்டு. அவருடைய ஸ்கேனருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

3

இந்த இடத்தில் டீலரைத் திட்டிவிட்டு முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் "நாங்க ஓட்டிப் பாத்தோம், வரல" என்ற வாக்கியம் எனக்கு மிகவும் பழக்கமானது. அதை நானே பன்னிரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் தொழிலில் வாடிக்கையாளர் ஒரு பிழையைச் சொல்வார். டிக்கெட் வரும். நாங்கள் எங்கள் மெஷினில் ஓட்டிப் பார்ப்போம். வராது. "மறுபடி நிகழ்த்த முடியவில்லை" என்று எழுதி டிக்கெட்டை மூடுவோம். மூடிய டிக்கெட்டுகளின் எண்ணிக்கை வார ரிப்போர்ட்டில் பச்சையாகத் தெரியும். ஒருமுறை ஒரு சின்ன மருந்துக்கடைச் செயினின் பில்லிங் பிழையை இப்படி மூன்று தடவை மூடினேன். நான்காவது தடவை அந்த அம்மா ஒரு நோட்டுப்புத்தகத்தில் தேதி, நேரம், பில் நம்பர் எல்லாம் எழுதி போட்டோ எடுத்து அனுப்பினார். மாதக் கடைசி நாளில், ராத்திரி பதினொன்றரைக்கு மேல் மட்டும் வருகிறது என்று அந்தப் பக்கத்தைப் பார்த்த பத்தாவது நிமிடத்தில் தெரிந்தது. பிழை எப்போதும் இருந்தது. அது வரும் நேரத்தில் நாங்கள்தான் அங்கே இல்லை.

விட்டுவிட்டு வரும் கோளாறின் குணமே அது. சூடு ஏறினால் வரும், மழை பெய்தால் வரும், ஒரு கனெக்டரில் ஈரம் படிந்தால் வரும், டெஸ்ட் டிரைவுக்கு எடுத்தால் வராது. எங்கள் ஊரில் வருடத்தில் இரண்டு மழைக்காலம். சாலை முழுக்க மேடும் பள்ளமும். நெரிசலில் ஏற்றத்தில் நகர்ந்து நின்று நகர்ந்து நின்று போகையில் கிளட்ச் எவ்வளவு சூடாகும் என்பது, காலையில் காலியான நான்குவழிச் சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. அவன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவனுக்கு வரவில்லை. ஆனால் "எனக்கு வரவில்லை" என்பதற்கும் "கோளாறு இல்லை" என்பதற்கும் இடையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அதை ஜாப் கார்டில் "ஓகே" என்ற ஒரே சொல்லால் மூடிவிடுகிறார்கள்.

கோளாறைக் கோளாறு என்று எழுதுவதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு கதைகள் இதற்கு உண்டு. 1998 டிசம்பரில் டாடா இண்டிகா வந்தபோது முதலில் வாங்கியவர்களிடமிருந்து புகார்கள் குவிந்தன. கம்பெனி பாகங்களை மாற்றிக் கொடுத்தது, வடிவமைப்பைத் திருத்தியது, 2001ல் இரண்டாம் பதிப்பாக வி2வைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் டாக்சி ஸ்டாண்டுகளே இண்டிகாவாக இருந்த காலம் நமக்கு நினைவிருக்கிறது. பிறகு நானோ. 2010ல் சில நானோக்கள் தீப்பிடித்தன. அந்த ஆண்டின் கடைசியில் கூடுதல் பாதுகாப்புப் பாகங்களை இலவசமாகப் பொருத்தித் தருவதாக கம்பெனி அறிவித்தது. ஆனால் இது ரீகால் அல்ல என்றும் சேர்த்துச் சொன்னது. வேலையைச் செய்தார்கள், சொல்லை ஒத்துக்கொள்ளவில்லை. நானோவின் முடிவுக்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் குறையை உரக்க ஒத்துக்கொண்ட கார் பிழைத்தது என்பதை மறக்கக்கூடாது.

4

"கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க" என்பது அடுத்த அறிவுரை. சரி. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் காகிதத்தில் நல்ல சட்டம். மாவட்ட ஆணையம் எங்களுக்கு நாகர்கோவிலில் இருக்கிறது. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம்.

என்ன பேசுவீர்கள்? கார் வழக்கில் வரும் முதல் கேள்வி: இது தயாரிப்புக் குறைபாடா? ஆமென்றால் நிபுணர் அறிக்கை எங்கே? ஒரு பெரிய காரணத்தை நிரூபிக்க வேண்டியவர், அந்தக் காரணம் பதிவாகியிருக்கும் பெட்டியைத் திறக்க அனுமதியில்லாதவர். நிரூபித்தாலும் முழுக் கார் கிடைப்பது கஷ்டம். 2006ல் உச்ச நீதிமன்றம் மாருதி உத்யோக் நிறுவனத்தின் மேல்முறையீட்டில் சொன்னது: வாரன்டியில் இருப்பது பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றித் தருவதுதான், கிளட்ச் கோளாறு என்றால் கிளட்சை மாற்று, காரையே மாற்றச் சொல்ல முடியாது. ஆம், அதுவும் கிளட்ச் வழக்குதான்.

அமெரிக்காவில் இந்த முடிச்சை நாற்பது வருடத்துக்கு முன்பே வேறு மாதிரி அவிழ்த்தார்கள். ஓயாமல் மக்கர் செய்யும் காருக்கு அங்கே 'லெமன்' என்று பெயர். கனெக்டிகட் மாநிலம் 1982ல் கொண்டுவந்த லெமன் சட்டம் சொல்வது சுருக்கமாக இவ்வளவே: புதுக் காரில், குறிப்பிட்ட காலத்துக்குள், ஒரே கோளாறுக்காக நான்கு முறை ரிப்பேருக்குக் கொண்டுவந்தும் சரியாகவில்லை, அல்லது மொத்தம் 30 நாள் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது என்றால், அது லெமன் என்று எடுத்துக்கொள்ளப்படும். மாற்றிக் கொடு, இல்லை பணத்தைத் திருப்பிக் கொடு. பிறகு எல்லா மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் இதை எடுத்துக்கொண்டன. சிங்கப்பூர் 2012 செப்டம்பரில் கார் உட்பட எல்லாப் பொருளுக்கும் தன் லெமன் சட்டத்தைக் கொண்டுவந்தது. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்தது என்று சட்டம் கருதிக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர்.

இந்தச் சட்டங்களின் புத்திசாலித்தனம் எங்கே இருக்கிறதென்றால், அவை சொந்தக்காரனிடம் "ஏன்" என்று கேட்பதில்லை. "எத்தனை தடவை" என்று கேட்கின்றன. ஏன் என்பது கம்பெனிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எத்தனை தடவை என்பது எனக்குத் தெரியும். நம் நாட்டில் கார் வாங்குகிறவனுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. வேண்டும். இந்தக் கட்டுரையின் முதல் கோரிக்கை அது.

ஆனால் நாளைக்கே அந்தச் சட்டம் வந்தாலும் நான் தோற்றிருப்பேன் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என் ஃபைலைப் பார்த்தபோது புரிந்துகொண்டேன். நான்கு ஜாப் கார்டு. ஒன்றில் "பீரியாடிக் சர்வீஸ்". இரண்டில் "ஜெனரல் செக்கப்". ஒன்றில் "வாஷிங், ஏசி கிளீனிங்". ஏற்றத்தில் உருண்டது என்று நான் வாயால் சொன்னேன். அவன் வாயால் "சரி சார்" என்றான். கம்ப்யூட்டரில் டிராப் டவுனில் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தான். கீழே என் கையெழுத்து. எத்தனை தடவை என்று எவராவது கேட்டால் என் காகிதங்கள் சொல்லும் பதில்: பூஜ்யம். அதோடு கம்பெனியின் சர்வரில் நான்கு பத்துகள்.

5

அந்தப் பத்தின் கதையையும் சொல்லவேண்டும். பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்ற ஒற்றைக் கேள்வியை 2003ல் ஃபிரெட் ரெய்க்கெல்ட் என்ற அமெரிக்க ஆலோசகர் பிரபலமாக்கினார். ஒன்பதும் பத்தும் சொல்பவர் உங்களுக்காகப் பேசுவார்; ஆறும் அதற்குக் கீழும் சொல்பவர் உங்களுக்கு எதிராகப் பேசுவார் என்பது கணக்கு. வாடிக்கையாளர் மனதில் இருப்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அது. அந்த எண்ணை இருபத்தைந்து வயதுப் பையனின் சம்பளத்தில் கட்டிய நிமிடத்திலேயே அது வேறொன்றாகிவிட்டது. இப்போது அந்தக் கால் என்னிடம் கேட்பது காரைப் பற்றி அல்ல. "இந்தப் பையனின் இரண்டாயிரம் ரூபாயை நீ பிடுங்கப் போகிறாயா?" என்றுதான் கேட்கிறது. இல்லை என்று சொல்லத் தமிழ்நாட்டில் எவனுக்கும் இதயம் கல்லாக இல்லை. நம்முடைய இரக்கத்தை வைத்தே நம் புகாரை அழிக்கும் ஏற்பாடு இது.

இரக்கம் மட்டும்தான் என்று சொன்னால் அதுவும் பொய். வெட்கமும் உண்டு. எங்கள் ஊரில் கார் என்பது பயணத்துக்கு வாங்குவது மட்டுமல்ல. புது வண்டி எடுத்த அன்று கோயிலுக்கோ சர்ச்சுக்கோ கொண்டுபோய், சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் லட்டு கொடுத்து, "எப்பிடி இருக்கு வண்டி?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "சூப்பர்" என்று சொல்லியாயிற்று. ஆறு மாதம் கழித்து அதே ஆட்களிடம் "ஏற்றத்தில் பின்னால போகுது" என்று எப்படிச் சொல்வது? ஏழு வருட லோன் போட்டு வாங்கிய முட்டாள்தனம் நம்முடையது ஆகிவிடும். அதனால் வண்டிக்கு நாமே வக்கீலாகிவிடுகிறோம். "சின்ன வண்டிக்கு இது பரவாயில்லை." "மைலேஜ் நல்லா கிடைக்கும்." நானும் மச்சானிடம் இப்படிப் பேசியிருக்கிறேன். அவன் அடுத்த மாதம் அதே மாடல் எடுக்க இருந்தான்.

"சின்ன கார் வாங்கினா இப்படித்தான்" என்பவர்களுக்கு ஒரு பதில். பெரிய கார் வைத்திருப்பவன் வீட்டில் பெரும்பாலும் இன்னொரு கார் நிற்கும். சின்னக் கார் வாங்குகிறவனுக்கு அது ஒன்றே ஒன்று. அதில்தான் அவன் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். விலை குறைந்தால் சீட் துணி மட்டமாக இருக்கலாம், ஸ்பீக்கர் கரகரக்கலாம். ஏற்றத்தில் கியர் நழுவுவது எந்த விலையிலும் சேராது.

வெட்கத்துக்குப் பின்னால் நிற்பது ரீசேல். மூன்றாவது விசிட்டில் சேல்ஸ் பக்கத்திலிருந்து ஒருவர் காபி கொடுத்துச் சொன்னார்: "எதுக்கு சார் டென்ஷன், எக்ஸ்சேஞ்ச் போட்ருங்க. இதுக்கு நல்ல ரேட் வாங்கித் தாரேன்." கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஆசை வந்தது. ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதிய சின்னக் கட்டுரைக்காகத்தான் 2001ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விற்கிறவனுக்குக் குறை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது என்ற நிலை இருந்தால், வாங்குகிறவன் எல்லாக் காரையும் சந்தேகப்பட்டு விலையைக் குறைப்பான். நல்ல கார் வைத்திருப்பவன் சந்தையைவிட்டு விலகுவான். கடைசியில் சந்தையில் லெமன்களே மிஞ்சும். நாம் வாய்மூடி இருந்து காப்பாற்ற நினைக்கும் ரீசேல் மதிப்பை நம் வாய்மூடல்தான் குறைக்கிறது. இது பொருளாதாரம். அதற்கு முன்னால் ஒரு எளிய விஷயம் இருக்கிறது: நான் கொடுக்கும் வண்டி இன்னொரு வீட்டின் முதல் கார் ஆகும். அந்த வீட்டிலும் பின்சீட்டில் ஒரு அம்மா உட்காருவாள். என் ஃபைலில் நான்கு சுத்தமான ஜாப் கார்டு இருப்பதைக் காட்டித்தான் அந்த வண்டி விற்கப்படும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் ரீகால் வந்துவிட்டது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளும் அமலில் இருக்கின்றன. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்பைப் பாதிக்கும் குறை இருந்தால் அரசே கம்பெனியைத் திரும்ப அழைக்க வைக்கலாம். ஆனால் அதற்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சொந்தக்காரர்களின் புகார் சேரவேண்டும். மார்த்தாண்டத்தில் ஒருவர், தென்காசியில் ஒருவர், ஈரோட்டில் ஒருவர் என்று ஆளுக்கொரு பத்து கொடுத்துவிட்டு வீட்டில் புலம்பினால் அந்த எண்ணிக்கை எந்த ஜென்மத்தில் சேரும்?

6

ஐந்தாவது முறை 2023 டிசம்பரில் போனேன். வாரன்டி முடிய ஒரு மாதம். இந்தத் தடவை அந்த மருந்துக்கடை அம்மாவிடம் கற்றுக்கொண்டதைச் செய்தேன். ஒரு நோட்டில் ஒன்பது தேதிகள், நேரம், இடம், மழையா வெயிலா, ஏசி ஓடியதா, எத்தனை நிமிடம் நெரிசலில் நின்றேன். இரண்டு தடவை பக்கத்து சீட்டில் இருந்தவரை வைத்து டேஷ்போர்டை வீடியோ எடுத்திருந்தேன்.

அட்வைசர் கம்ப்யூட்டரில் "ஜெனரல் செக்கப்" என்று தேர்ந்தெடுத்தான். மாற்றச் சொன்னேன். "இதுல அந்த ஆப்ஷன் இல்லண்ணா." பிரின்ட் எடுக்கச் சொல்லி, அதன் மேலேயே பேனாவால் தமிழில் எழுதினேன்: "ஏற்றத்தில் கியர் நியூட்ரலுக்குப் போய் வண்டி பின்னால் உருள்கிறது. இதற்காக ஐந்தாவது முறை வருகிறேன்." தேதி போட்டு, அவனையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். தயங்கினான். மேனேஜர் வந்தார். "எதுக்கு சார் இதெல்லாம், நம்ம பேசிக்கலாம்." பேசியாயிற்று சார், நான்கு தடவை என்றேன். அரை மணி நேரம் ஆனது. போட்டார்கள்.

சாயங்காலம் "ஓகே சார்" என்றுதான் திரும்பி வந்தது. இரண்டு நாளில் கால். பத்துக்கு எத்தனை சார்? "ஒன்று." மறுமுனையில் அந்தப் பெண் ஒரு வினாடி நிறுத்திவிட்டு, காரணம் கேட்டாள். எழுதி வைத்ததைப் படித்தேன்.

அன்று ராத்திரியே அட்வைசர் கூப்பிட்டான். கோபம் இல்லை, அழாத குறை. "என்னண்ணா இப்பிடி செய்துட்டிய." என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. பிறகு, உனக்கு எதிராக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை தம்பி, வண்டியைப் பற்றித்தான் சொன்னேன் என்றேன். "அது அங்க தனித்தனியா இல்லண்ணா" என்றான். உண்மைதான். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அவனே சொன்னான்: "இதே கம்ப்ளைன்ட் இங்க வேற நாலு வண்டிக்கு உண்டு. நாங்க கோடை அழிச்சிட்டுத்தான் வண்டிய டெலிவரி குடுப்போம். லைட் எரிஞ்சா கஸ்டமர் பயப்படுவாங்கல்லா."

பத்து நாளில் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். கோடை அழிக்காமல் வைத்துப் படித்தார். ஆக்சுவேட்டரை வாரன்டியில் மாற்றினார்கள். அதற்குப் பிறகு இதுவரை உருளவில்லை. மற்ற நான்கு வண்டிகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அவங்க எழுதித் தரல்லியே" என்றார் மேனேஜர். அந்தப் பையன் இப்போது அங்கே இல்லை. திருவனந்தபுரத்தில் வேறொரு ஷோரூமுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். என் ஒன்றால் போனானா, தானாகப் போனானா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அந்த உறுத்தலை நான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த தடவையும் ஒன்று என்றுதான் சொல்வேன். அவன் சம்பளத்தை என் பொய்யில் கட்டி வைத்தது நானில்லை.

ஆகவே, கார் வைத்திருக்கும் நண்பர்களே, லெமன் சட்டம் வரும்வரை, பூட்டின் சாவி எங்கள் ஒர்க்‌ஷாப் அண்ணன் கைக்கு வரும்வரை, நம் கையில் இருப்பது ஒரு பேனா. நீங்கள் வாயால் சொன்ன சொல் ஜாப் கார்டில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். கோடை அழிப்பதற்கு முன் அதன் பிரின்ட் கேளுங்கள். தரமறுத்தால், மறுத்தார்கள் என்று அதே காகிதத்தில் எழுதுங்கள். பத்து சொல்லும் முன் கார் ஓடுகிறதா என்று மட்டும் யோசியுங்கள். விற்பதானால் அந்தக் காகிதங்களையும் சேர்த்துக் கொடுங்கள். மென்பொருள்காரர்களே, "மறுபடி நிகழ்த்த முடியவில்லை" என்று எழுதி மூடும் முன் ஒருமுறை அந்த அம்மாவுக்குப் போன் செய்யுங்கள்.

வண்டி இப்போது நன்றாகத்தான் ஏறுகிறது. அம்மா இன்னும் ஆட்டோவில்தான் போகிறாள்.